கெபி விளக்கு எண்ணெய்

ஒவ்வொரு தலைக்கும் ஒரு தனிச் சூடு உண்டு என்பது பள்ளிக்கூட ஆயா அமலோற்பவத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை நாற்காலியில் உட்காரும். அவள் பின்னால் நின்று நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குச்சி மூக்குக்குள் போகும்போது தலை ஆடக் கூடாது. அவளுக்குச் சொன்ன வேலை அவ்வளவுதான். கையில் ரப்பர் உறை போட்டிருந்ததால் கைக்குத் தெரியாத சூடு, சேலை வழியாக வயிற்றுக்குத் தெரிந்தது. வெயிலில் வரிசை நின்ற தலை, குளித்த ஈரம் காயாமல் வந்த தலை, பயத்தில் வேர்த்த தலை. பிள்ளை பெற்ற வயிறு, இதெல்லாம் அதற்குப் பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஹாலில் மின்விசிறி ஓடவில்லை. ஓடினால் கிருமி பறக்கும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கொரோனா என்று வந்துவிட்டது, அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்த்துவிட வேண்டும் என்று சுகாதார ஆபீஸிலிருந்து வேன் போட்டு வந்திருந்தார்கள். வந்தவர்கள் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு. யார் ஆண், யார் பெண் என்று தெரியாது. அதற்காக நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். இந்த நாற்காலியில் குச்சி விடுகிற பெண்ணின் நெஞ்சில் பகவதி என்று இருந்தது. வெள்ளை அங்கியில் வானதூதர் மாதிரி நிற்கிறாள், பெயர் பகவதி என்று அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மாஸ்க்கில் ஒரு சௌகரியம் இது. ஜெபம் சொல்லலாம், உதடு அசைவதை யாரும் பார்க்க மாட்டார்கள். கை இரண்டும் வேலையாக இருந்ததால் ஜெபமாலையைத் தொட முடியவில்லை. அதனால் தலைகளையே மணியாக வைத்துக்கொண்டாள். ஒரு தலைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. குச்சி உள்ளே போகும்போது முதல் பாதி, வெளியே வரும்போது மறு பாதி. மறு பாதியில் மரண வேளை என்று ஒரு வார்த்தை வரும். பிள்ளையின் தலைமேல் நின்று அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த இடம் வந்ததும் நாக்கு ஒரு நொடி நின்று, தாண்டிக் குதித்து, ஆமென் என்று முடித்துக்கொண்டது. மாதாவுக்குத் தெரியும், கோபிக்க மாட்டாள்.

அடுத்தது ரோவின். உட்காரும்போதே மூக்கைத் தூக்கிக் காட்டினான். மூக்குத் துவாரத்து ஓரம் மினுமினுவென்று இருந்தது. எல்லாம் இவனால் வந்ததுதான். பள்ளிக்கூட வாசலில், கேட்டுக்கு உள்ளே வலது பக்கம், கடல் பாறையை அடுக்கிக் குகை மாதிரி கட்டிய கெபி இருக்கிறது. அதற்குள் மாதா நிற்கிறாள். காலடியில் ஒரு தூண்டாமணி விளக்கு. காலையில் வாசலைப் பெருக்கி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியைத் தட்டிவிடுவது ஆயா வேலையில் சேராது, ஆனாலும் அமலோற்பவம் செய்வாள். பரீட்சை நாளென்றால் பிள்ளைகள் நேரே கெபிக்கு வந்து வரிசையாக நெற்றியைக் காட்டும். விளக்கிலிருந்து ஒரு விரல் எண்ணெய் தொட்டுச் சிலுவை போட்டுவிடுவாள். படிக்காத பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போடுவாள். இன்றைக்குக் காலையிலும் அதுபோல வந்து நின்றார்கள். “என்ன மக்கா, பள்ளிக்கூடம் தொறந்ததும் பரீட்சையா” என்று கேட்டதற்கு, “டெஸ்ட்டு, ஆயாம்மா” என்றார்கள். அவர்களுக்கு டெஸ்ட் என்றால் பரீட்சை. பாஸாகிவிட்டால் பள்ளிக்கூடம், ஃபெயிலாகிவிட்டால் வீடு. அவளும் விரலைத் தொட்டு நெற்றியில் வைக்கப் போனபோதுதான் ரோவின் சொன்னான், “ஏன் ஆயாம்மா நெத்தியில வைக்கிய? நெத்தியிலயா குத்தப் போறாவ? மூக்குலலா.” பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரிடா மூக்கா, வா என்று அவன் மூக்குக்குள்ளேயே ரெண்டு பக்கமும் தொட்டு வைத்தாள். அவன் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “வழுக்கிக்கிட்டுப் போவும்” என்று எல்லாருக்கும் அறிவித்தான். பிறகு ஒவ்வொருத்தராக முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குஞ்சுகள் வாய் திறக்குமே, அதுபோல. வலிக்குமா ஆயாம்மா என்று கேட்ட ஒவ்வொருத்தருக்கும், வலிக்காது, மாதா எண்ணெ வச்சிருக்குல்லா என்று அவள் சொன்னாள். அவள் மகன் டெரன்ஸ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகுமுன் இந்த டெஸ்டைப் பலதடவை எடுத்திருக்கிறான். “கண்ணுல பொலபொலன்னு தண்ணி வரும்மா, அழுகைன்னு யாரும் நெனச்சிரப்படாது” என்று போனில் சொல்லியிருந்தான். அது தெரிந்தும்தான் வலிக்காது என்று சொன்னாள். சின்னப் பிள்ளைகளிடம் வேறென்ன சொல்வது.

குச்சி ரோவினின் மூக்குக்குள் போய், சுற்றி, வெளியே வந்தது. அவன் தலை அவள் வயிற்றை ஒருதடவை முட்டியது, அவ்வளவுதான். பகவதி குச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒடித்து, குழாய்க்குள் இருந்த ரோஜாப்பூ நிறத் தண்ணீரில் போட்டு மூடினாள். மூடியபடியே, பெயர் வாசிக்கிற குளோரி டீச்சரைத் திரும்பிப் பார்த்து, “டீச்சர், பிள்ளைங்க மூக்குல மருந்து எதுவும் விட்டுட்டு வரலையே? தைலம், சொட்டு மருந்து, அந்த மாதிரி? வழவழன்னு இருக்கு” என்று கேட்டாள். “அதெல்லாம் இல்ல மேடம், ஒண்ணும் போடக் கூடாதுன்னு நேத்தே குரூப்புல போட்டுட்டோம்” என்றாள் டீச்சர். “இல்ல, கேட்டுக்கிட்டேன். ஏதாச்சும் போட்டிருந்தா சில சமயம் சரியாக் காட்டாது. இருக்கறதை இல்லன்னு காட்டிரும்.” சொல்லிவிட்டு அவள் அடுத்த குச்சியின் உறையைக் கிழித்தாள். குரூப்பில் போட்டது அமலோற்பவத்துக்கு வரவில்லை. அவளுடைய போன் பட்டன் போன். அடுத்த பிள்ளை உட்கார்ந்தது. தலையைப் பிடித்தாள். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள், அடுத்த வார்த்தை வரவில்லை. பால்யத்திலிருந்து சொல்கிற ஜெபம், தூக்கத்தில் எழுப்பினாலும் வருவது, வரவில்லை. இருக்கறதை இல்லன்னு காட்டிரும். அந்த வார்த்தைதான் அங்கே வந்து நின்றது.

எண்ணெய் மருந்தா? மருந்து என்று பகவதி கேட்டாள். தைலம் என்று கேட்டாள். எண்ணெய் என்று கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய்தானே, அதுவும் ஒரு விரல் நுனி, தலைக்குத் தேய்க்கிறோம், தோசைக்கு ஊற்றுகிறோம், அது போய் ஒரு கிருமியை மறைத்துவிடுமா. அதுவும் மாதா விளக்கு எண்ணெய். கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தது ஒரு போத்தல், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடை எண்ணெயில் சேர்த்துச் சேர்த்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வாள். அதனால் கெடுதல் வரும் என்று எப்படி நினைப்பது, அப்படி நினைத்தாலே பாவம். இதுவரை எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் தொட்டு வைத்திருக்கிறாள். கேட்டால் சொல்லலாம், கேட்கவில்லை, டீச்சர்தான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாளே. சொன்னது டீச்சர். சொல்லாமல் நின்றது யார்? அடுத்த தலை. அடுத்த தலை. ஒரு பிள்ளை தும்மியது, பகவதி தள்ளி நின்று காத்திருந்து மறுபடி விட்டாள். ஜன்னல் வழியாகக் கடல் வாடை வந்தது, கூடவே கருவாடு காய்கிற வாடை. வாடை தெரிகிறது, ஆகையால் தனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த சமயம், சேவியருக்கு வாடை தெரியவில்லை. அவள் புருஷன் சேவியர், கரையில் வலை உலர்த்துகிற இடத்தில் நின்றுகொண்டு, என்னட்டி, இன்னைக்குக் கடலே மணக்கல என்று சொன்னார். விளையாட்டாகச் சொன்னார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். மறுநாள் போனில் இல்லை என்று வந்தது. இல்லை என்று வந்ததும் வீடே லேசாகிவிட்டது. சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மகள் சுகந்தி திருப்பூரிலிருந்து அழுதுகொண்டே போன் பண்ணினாள், அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, நீ அங்கயே இரு என்று அமலோற்பவம் சிரித்துக்கொண்டே சொன்னாள். இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள். அவருக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. அதற்குமேல் அவள் நினைப்பது கிடையாது. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் ஜெபத்தில் அந்த வார்த்தையைத் தாண்டுவது போலத் தாண்டிப் போய்விடும். ஆனால் இன்றைக்குத் தாண்டப் போனது தட்டி நின்றது. குச்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவர் நெற்றியில் எண்ணெய் வைத்தாள், அது நிச்சயம். நெற்றியில்தான். மூக்கு வறண்டு கிடக்கு என்று அவர் சொன்னாரா, அது அன்றைக்கா, அதற்கு முந்தின நாளா. அவள் அந்த நினைப்பை அங்கேயே போட்டுவிட்டு, கண்முன்னால் இருந்த தலையைப் பார்த்தாள். இரட்டைச் சடை, ரிப்பன் ஒன்று அவிழ்ந்திருந்தது. குச்சி எடுத்து முடித்ததும் அந்த ரிப்பனைக் கட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். அதற்குப் பகவதி, “ஆயாம்மா, கை உறையோட அங்க இங்க தொடாதீங்க” என்றாள். “சரி, தாயி.” சொல்வதற்கு அதுதான் நல்ல சமயம், வாயும் திறந்துதான் இருந்தது. சரி என்று சொன்ன வாய் அதோடு மூடிக்கொண்டது.

வரிசை வாசல்வரை போய், வெளியே வேப்பமரத்து நிழலில் வளைந்து நின்றது. அதில் செரினை அவள் தேடிப் பார்க்கவே இல்லை, கண்ணே போய் அங்கே நின்றது. ரெண்டாம் வகுப்பு, முன்பல் ரெண்டும் விழுந்த பிள்ளை. காலையில் கெபி முன்னால் எண்ணெய்க்கு மூக்கைத் தூக்கியபோது இருமினாள். பெரிய இருமல் ஒன்றும் இல்லை. தூசி பட்டால் வருமே, அந்த மாதிரி ரெண்டு தடவை. என்னட்டி, சளியா என்று கேட்டதற்கு, இல்ல ஆயாம்மா, சிரிச்சேன், புரையேறிட்டு என்றாள். இருக்கும். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் அம்மா பியூலாவுக்கு மாசம் ஆகுமுன்னே பிள்ளை பிறந்துவிட்டது, பூனைக்குட்டி அளவுக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை. தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். பஞ்சில் சுற்றி, வாசல் கதவைச் சாத்தி, யாரையும் உள்ளே விடாமல் வைத்திருக்கிறார்கள். அமலோற்பவம்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் அக்காவை எப்படி விடாமல் இருப்பது. “தம்பி என் விரலப் புடிச்சிக்கிட்டே இருக்கான் ஆயாம்மா, உருவுனாலும் விடமாட்டேங்கான்” என்று செரின் காலையில் அந்த விரலைத் தனியே நீட்டிக் காட்டினாள். அதையும் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள், விரலில் ஏதோ இருக்கிற மாதிரி. இன்றைக்கு எடுப்பதில் இருக்கிறது என்று வந்தால், செரினைப் பியூலாவின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பிள்ளை ஏங்கிப்போகும், ஆனால் அந்தப் பூனைக்குட்டி தப்பிக்கும். இல்லை என்று வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், நேரே தம்பியிடம் ஓடுவாள், கையைக் கழுவிவிட்டு விரலைக் கொடுப்பாள், முகத்துக்கு முகம் வைத்து மூச்சுவிடுவாள். உண்மையிலேயே இல்லை என்றால் அதில் ஒன்றும் இல்லை. இல்லை என்று மாதா சொல்வது வேறு, இல்லை என்று எண்ணெய் சொல்வது வேறு. இப்படி ஒரு வார்த்தை தன் மனசுக்குள் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டாவது வரைக்கும் படித்தவள். அதை வைத்து யோசித்ததாகத் தெரியவில்லை, வயிற்றில் தலைகளின் சூட்டை வாங்கி வாங்கி அங்கிருந்து வந்த மாதிரி இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்றும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் பிலோமினுக்கு, அவர்தான் தலைமையாசிரியை, இந்த எண்ணெய் விஷயம் முதலிலிருந்தே பிடிக்காது. சீருடையில் கறை படுகிறது, பிள்ளைகள் புஸ்தகத்தைத் தொட்டால் தாள் ஒட்டுகிறது என்று ரெண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் சொல்வார். அவர் பார்க்கிற ஒரு பார்வையைத் தாங்கிக்கொள்ளலாம், வேலையை விட்டு நிறுத்தினாலும் வீட்டில் இருந்து மீன் உலர்த்திப் பிழைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளைத் திரும்ப உட்கார வைக்க வேண்டுமே, அதுதான். இப்போதுதான் முடிந்தது என்று ஓடிப்போய் விளையாடுகிற தலைகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு, திரும்ப இதே வயிற்றில் சாய்த்து, திரும்ப இதே கையால் பிடித்து. டெரன்ஸ் சின்ன வயசில் காதுக்குள் கடலைப்பருப்பைப் போட்டுக்கொண்டான். எடுப்பதற்கு டாக்டர் ரெண்டாவது தடவை குறடை விட்டபோது அவன் டாக்டரைத் திட்டவில்லை, அவளைத்தான் பார்த்தான். நீயா பிடித்திருக்கிறாய் என்கிற மாதிரி. முதல் தடவை அழாத பிள்ளை ரெண்டாவது தடவை அழுதான். ரெண்டாவது தடவைதான் பிள்ளையின் கண் பிடித்திருப்பவளைப் பார்க்கும். கூடவே இன்னொன்றும் இருந்தது, அதை அவள் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள்: எண்ணெய் மறைக்கும் என்று இன்றைக்கு ஒத்துக்கொண்டால், அன்றைக்குச் சேவியருக்கு என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கும். நெற்றியிலா, மூக்கிலா. வேண்டாம். “ஆயாம்மா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க” என்றாள் பகவதி. இறுக்கிப் பிடித்தாள்.

“செரின், ரெண்டு ஏ” என்று குளோரி டீச்சர் வாசித்தாள். செரின் வந்து உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. தலையைப் பிடித்தபோது அமலோற்பவத்தின் வயிறு அந்தச் சூட்டைக் கவனமாக வாங்கிப் பார்த்தது. மற்றத் தலைகளைவிடக் கூடுதலா, இல்லையா. கூடுதல் மாதிரி இருந்தது. அப்புறம் இல்லாத மாதிரியும் இருந்தது. வெயிலில் நின்றிருக்கிறாள். வயிற்றை நம்பி என்ன சொல்ல முடியும். குச்சி உள்ளே போயிற்று. செரின் ரெண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், ஒரு சத்தம் இல்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்தது. குச்சி வெளியே வந்ததும் தலையை அண்ணாந்து, தலைகீழாக அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்து, “வலிக்கவே இல்ல ஆயாம்மா. எண்ணெயாலலா அப்படி?” என்றாள். பகவதி குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தாள், காதில் விழுந்ததா தெரியவில்லை. செரின் குதித்து இறங்கி ஓடினாள். ரோஜாப்பூத் தண்ணீரோடு குழாய் ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. மீனுக்கு வைக்கிற பெட்டி மாதிரியேதான் இருந்தது, மூடி திறக்கும்போது அதே புகை. போயிற்று. இனி எண்ணெய் உள்ளே, பிள்ளை வெளியே. ஓடுகிற பிள்ளை வாசலில் நின்று யாரிடமோ பேசி, இருமினாள். சிரித்தாளா என்று அமலோற்பவம் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அடுத்த பிள்ளை உட்கார்ந்து, தலை வயிற்றில் சாய்ந்து, பகவதி உறையைக் கிழிக்கும்போது, அமலோற்பவம் கையை எடுத்துவிட்டாள். எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுத்ததாக ஞாபகம் இல்லை. “பிடிங்க ஆயாம்மா.” “நான்தான் தாயி எண்ணெ வச்சேன்.” “என்ன எண்ணெ?” “மூக்குல. காலையில. கெபி விளக்குல இருந்து தொட்டு, பிள்ளைகளுக்கு வலிக்கப்படாதுன்னு.” பகவதியின் முகத்தை மூடிய கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருந்தது, அதற்குள் ரெண்டு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் கோபம் வருகிறதா என்று அமலோற்பவம் காத்திருந்தாள். வந்தது அசதிதான். “எல்லாத்துக்குமா?” “வந்து நின்ன பிள்ளைகளுக்கெல்லாம்.” குளோரி டீச்சர், “அமலி அக்கா, நான்தான ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன், அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றாள். “அப்பவே சொல்லியிருக்கணும் டீச்சர்.” அதற்குள் சிஸ்டர் பிலோமின் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். “அமலோற்பவம்” என்று பெயரை மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, சீருடை கறை என்று சொல்லும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு வருகிறதா என்று பார்த்தால், வரவில்லை. “கொஞ்சம் எண்ணெதானே மேடம், அது நெசமாவே மறைச்சிருமா?” என்று பகவதியைக் கேட்டார். இதற்கு என்ன பதில் வரும் என்று அமலோற்பவம் பகவதியின் கண்ணையே பார்த்தாள். சிஸ்டர் கேட்டது இன்றைக்கு எடுத்த குச்சிகளைப் பற்றி. அவள் காத்திருந்தது இன்னொரு குச்சிக்கான பதிலுக்கு. பகவதி யோசித்தாள். “எனக்குத் தெரியாது சிஸ்டர். மறைச்சாலும் மறைக்கும், ஒண்ணும் ஆகாமலும் போகும். எதுக்கு அந்தச் சந்தேகம், பிள்ளைங்களை நல்லா மூக்கச் சிந்தி, கழுவிட்டு வரச் சொல்லுங்க. சாப்பாடு முடியட்டும். திரும்ப எடுத்துருவோம்.” அவ்வளவுதான் பதில். மறைச்சாலும் மறைக்கும், ஆகாமலும் போகும். சேவியருக்கும் அதுதான் பதில் என்று அவள் வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. பாரம் இறங்கியதாகவும் தெரியவில்லை, ஏறியதாகவும் தெரியவில்லை, அதை யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

குழாயடியில் பிள்ளைகள் வரிசையாக நின்று மூக்கைச் சிந்தினார்கள். அதுவும் அவர்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, யார் சத்தமாகச் சிந்துவது என்று. அவள்தான் நின்று தண்ணீர் திறந்துவிட்டாள், ஒவ்வொரு முகத்தையும் பழைய துண்டைக் கிழித்துத் துடைத்துவிட்டாள். எண்ணெய் லேசில் போகவில்லை. “ஆயாம்மா, பரீட்சையில எல்லாரும் ஃபெயிலா? சப்ளிமெண்டரியா?” என்று ரோவின் கேட்டான். “ஆயாதான் ஃபெயிலு. நீங்க எனக்காவ எழுதுதிய” என்றாள். அவன் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான். சத்துணவு சாப்பிட்டு முடிந்து, வெயில் ஹாலுக்குள் சாய்ந்து விழ ஆரம்பித்த பிறகு, மறுபடியும் நாற்காலி, மறுபடியும் பெயர், மறுபடியும் தலைகள். சிஸ்டர் வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார், திட்டுகிற குரலில் இல்லை. வேண்டாம் சிஸ்டர், நானே பிடிக்கேன் என்றாள். டெரன்ஸின் கண் மாதிரி எத்தனையோ கண் அவளைப் பார்த்தது. சில பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, ஒருத்தி வாய்விட்டு அழுதாள், ரோவின் அழவில்லை என்று காட்டுவதற்காகக் கண்ணை உருட்டினான். பார்த்துக்கொண்டாள். கையைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டாள்.

செரின் வந்தாள். நாற்காலியில் ஏறாமல் பக்கத்தில் நின்றாள். “திரும்பவுமா ஆயாம்மா?” “ஆமா மக்கா.” “எண்ணெ?” “எண்ணெ இல்ல.” செரின் அதை யோசித்தாள். மூக்கைக் கையால் ஒருதடவை தொட்டுப் பார்த்தாள். “அப்போ வலிக்குமா?” வலிக்காது என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது, எத்தனையோ வருஷமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்ன வார்த்தை, கேட்குமுன்னே வருகிற வார்த்தை. அமலோற்பவம் குனிந்து, “வலிக்கும்” என்றாள். “கொஞ்ச நேரந்தான். ஆனா வலிக்கும்.” பகவதி உறையைக் கிழிக்காமல் நின்றாள். செரின் அமலோற்பவத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது போல. பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, யாரும் பிடிக்குமுன்னே தலையைத் தானாகவே பின்னால் கொண்டுவந்து அந்த வயிற்றில் வைத்தாள். சூடாகத்தான் இருந்தது. காய்ச்சல் சூடா, வெயில் சூடா என்று அவள் வயிற்றைக் கேட்கவில்லை, அது குச்சி சொல்ல வேண்டியது. நெற்றியில் கையை வைத்தாள். இன்னொரு கையைச் செரின் தேடிப் பிடித்தாள், ரப்பர் உறையோடு ஒரு விரலை மட்டும். குச்சி உள்ளே போனது. தலை அதிர்ந்தது, விரல் இறுகியது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, நிறுத்தாமல், எந்த வார்த்தையையும் தாண்டாமல், மரண வேளை வரைக்கும் சொல்லி முடித்தாள். குச்சி எப்போதோ வெளியே வந்துவிட்டது. பகவதி மூடியைத் திருகிவிட்டு, “முடிஞ்சுது, இறங்கும்மா” என்றாள். செரின் இறங்கினாள். விரலை மட்டும் இன்னும் விடவில்லை. அமலோற்பவமும் உருவவில்லை. வாசலில் அடுத்த பெயரை வாசித்துவிட்டார்கள்.